சிவப்புப் புள்ளி தெரிகிறதாம்

மச்சான் நித்தியானந்தன், இங்கே எங்கள் நோபல் பார்க் ஊரில் குளிர் விட்டுவிட்டது. பின்வளவில் தக்காளி பூத்திருக்கிறது.

உங்கள் தங்கை யோகாவின் கண்ணை டாக்டர்மார் எப்படிக் கவனிக்காமல் விட்டார்கள் என்று கேட்டிருந்தீர்கள். அவர்களில் பிழை இல்லை.

எழுபதாம் ஆண்டில் இங்கே வந்த முதல் குளிரிலேயே அவளுக்கு மூட்டுவாதம் பிடித்தது. விரல் மடங்காது. மலேரியாவுக்குக் கொடுக்கும் குளிசையைத்தான் இதற்கும் கொடுத்தார்கள். வலி குறைந்தது. ஆனால் வருடக்கணக்கில் எடுத்தால் அது கண்ணுக்குள் படியுமாம். அதனால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை சோதனை. கறுப்புத் திரையில் ஒரு சிவப்புப் புள்ளி காட்டுவார்கள். அது மங்கினால் குளிசையை நிறுத்திவிட்டு, அவளைச் சூடான ஊருக்கே அனுப்புவது நல்லது என்று டாக்டர் சொன்னார். அவளுக்கு இங்கிலிஷ் தெரியாது. டாக்டரோடு கதைத்தது நான்தான்.

எழுபத்தைந்தாம் ஆண்டுச் சோதனையில் அவள் சொன்னாள்: "நடுவில புள்ளியைக் காணேல்லையப்பா. மங்கலாக் கிடக்கு. சொல்லுங்கோவன்."

நன்றாகத் தெரிகிறதாம் என்று டாக்டரிடம் சொன்னேன். அவளிடம், "வயசுக்கு இப்பிடித்தானாம்" என்றேன். அவளுக்கு முப்பத்தாறு வயது. ஓம் என்று தலையாட்டினாள்.

நீங்கள் அவசரப்பட்டுக் கோபிக்கக்கூடாது. அவள் வருமுன் இங்கே இரண்டு வருடம் தனியாக இருந்தவன் நான். தகரத்தைத் திறந்து பீன்ஸைச் சூடாக்காமலே தின்றுவிட்டு, ரேடியோவோடு கதைப்பேன். அதற்குத் திரும்பப் பயமாக இருந்தது. அவளோ ஊருக்குப் போகவேண்டும் என்று கிழமைக்கு ஒருக்கால் அழுவாள். பெட்டிகூட அடுக்கி வைத்திருந்தாள்.

பிறகு நாலு சோதனை. நாலிலும் புள்ளி தெரிகிறது என்றேன். இராச்சாப்பாட்டுக்குப் பின் பாலோடு குளிசையை என் கையால்தான் கொடுப்பேன், ஒருநாளும் தவறவிட்டதில்லை. கடைசியில் டாக்டர் கண்ணுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்துத் தானாகவே கண்டுபிடித்தார். போனது திரும்பாது என்றார். என் தோளைத் தட்டி ஆறுதல் சொன்னார்.

இப்போது குசினிக்கும் என் கையைப் பிடித்துத்தான் வருகிறாள். அது எனக்குச் சந்தோஷம். ஒளிக்காமல் எழுதுகிறேன்.

நேற்று உங்கள் கடிதத்தை அவளுக்கு வாசித்துக் காட்டினேன். அவளை அனுப்பிவிடச் சொன்ன பக்கத்தை மட்டும் விட்டுவிட்டேன்.

"அண்ணா என்னை வரச்சொல்லி ஒண்டும் எழுதேல்லையோ?" என்று கேட்டாள்.

இல்லை என்றேன். பெட்டியில் கிடக்கும் சேலைகளை எடுத்து அலுமாரியில் வைக்கச் சொன்னாள். அவளுக்கு இந்த வீடு பிடித்துப்போய்விட்டது, மச்சான்.