நிச்சயமாத் தெரியுமா?

டாக்டர், உங்கள் படிவத்தில் 'பேச்சுத் தடை எப்போது தொடங்கியது? வீட்டில் உள்ளவர் எழுதவும்' என்ற கேள்விக்கு மூன்று கோடுகள்தான் விட்டிருக்கிறீர்கள். என் கையெழுத்து கொஞ்சம் பெரியது. அதனால் தனித்தாளில் எழுதுகிறேன்.

நான் ஆங்கில ஆசிரியை. வெளிநாட்டு வேலைக்காக ஆங்கிலத் தேர்வு எழுதுகிறவர்களுக்கு ஒரு பயிற்சி மையத்தில் பதினான்கு வருடமாகச் சொல்லிக்கொடுக்கிறேன். உங்களிடம் வந்துகொண்டிருப்பவள் என் தங்கை. ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவள். வீட்டில் அவளுக்கு ரேடியோ என்று பெயர், பல் தேய்க்கும்போதுகூட வாய் ஓயாது. அம்மாவும் அப்பாவும் ஒரே வருடத்தில் போய்ச் சேர்ந்தபோது அவளுக்குப் பன்னிரண்டு வயது, எனக்கு இருபத்து மூன்று. கல்யாணப் பேச்சு வந்தபோதெல்லாம் தட்டிக்கழித்துவிட்டு அவளை ஆளாக்கினேன். இதைச் சொல்லிக்காட்டுவதாக நினைக்க வேண்டாம். அவளிடம்கூட மாதத்துக்கு ஒருமுறைக்கு மேல் சொன்னதில்லை.

எனக்குப் பெயர் வாங்கித் தந்தது ஒரே ஒரு பாடம். ஆங்கிலத்தில் ஒரு வினைச்சொல்லுக்குப் பின்னால் இன்னொரு வினைச்சொல் வந்தால், சில சொற்கள் அதன் வாலில் 'இங்' கேட்கும், சில அதன் தலையில் 'டு' கேட்கும். 'அவாய்ட்' என்றால் இங், 'அவாய்ட் கோயிங்'. 'ஹோப்' என்றால் டு, 'ஹோப் டு கோ'. ஏன் என்று கேட்டால் ஒழுங்கான பதில் கிடையாது. இரண்டு பட்டியலையும் மனப்பாடம் செய்ய வேண்டும், பிறகு பட்டியலை மறந்து காதுக்கு விட்டுவிட வேண்டும். பேசும்போது யோசித்தால் போச்சு. படியில் இறங்கும்போது அடுத்தது எந்தக் கால் என்று யோசிக்கிறவர் உருண்டுவிடுவார் இல்லையா, அதேதான். இதைத் தங்கைக்குப் பதினைந்து வயதிலேயே சொல்லிக்கொடுத்துவிட்டேன். என் மாணவர்களில் அவள் காதுபோல ஒரு காதை நான் பார்த்ததில்லை.

எங்கள் மையத்தில் மாதிரித் தேர்வுத் தாள்களில் பெயர் இருக்காது, எண் மட்டும்தான். ஒரு கிளையின் தாள்களை இன்னொரு கிளையில் திருத்துவோம், தெரிந்த முகத்துக்கு மார்க் போய்விடக் கூடாதென்று. இது மாணவர்களுக்குத் தெரியாது. போன வருடம் ஒரு சனிக்கிழமை, ஊரின் மறுகோடியில் இருக்கும் கிளையிலிருந்து வந்த விடைத்தாள் கட்டில் முப்பத்தோராவது தாள் என் தங்கையின் கையெழுத்தில் இருந்தது. செவ்வாயும் வியாழனும் கூடுதல் டியூட்டி என்று அவள் சொல்லிக்கொண்டிருந்தாள். நானும் அந்த நாட்களில் சாப்பாட்டை மூடிவைத்துக் காத்திருந்தேன்.

ஏன் இடம் மாற விரும்புகிறீர்கள் என்பதுதான் கட்டுரை. அவள் எழுதியதைத் தமிழில் தருகிறேன். 'வீட்டுக்குப் போவதைத் தினமும் தள்ளிப்போடுகிறேன். அக்காவோடு தனியாக இருப்பதைத் தவிர்க்கிறேன். சந்தோஷமாக இருப்பதுபோல நான்கு வருடமாக நடித்துக்கொண்டே இருக்கிறேன். பிரிந்து வாழ முடிவுசெய்திருக்கிறேன். திரும்பி வராமலே இருந்துவிடலாம் என்று நம்புகிறேன்.'

ஐந்து வாக்கியம். ஐந்திலும் இங்கும் டுவும் இருக்க வேண்டிய இடத்தில் கச்சிதமாக இருந்தன. நான் கொடுத்த பாடத்தை வைத்தே என்னைக் கழற்றிவிட்டிருந்தாள். எனக்குக் கோபம் அப்புறம்தான் வந்தது. முதலில் வந்தது அவமானம், யாரோ என்னைத் தெருவில் வைத்து அடித்ததுபோல.

பக்கத்து மேஜைக்காரர் எட்டிப் பார்த்தார். "என்ன டீச்சர், இவ்ளோ நேரமா ஒரே பேப்பரப் பாக்குறீங்க?"

"தப்பே இல்லாத பேப்பர் சார்" என்றேன்.

அந்த ஐந்து இடங்களிலும் சிவப்புப் பேனாவால் ஒரு சின்னக் கேள்விக்குறி போட்டேன். தேறுவதற்கு வேண்டியதைவிட இரண்டு மார்க் குறைவாகக் கொடுத்தேன். இந்த விஷயத்தில் நான் சொன்ன பொய் அந்த மார்க் மட்டும்தான்.

பத்து நாள் கழித்து, துணி மடித்துக்கொண்டிருந்தபோது அவளே வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அக்கா, உன்கிட்ட ஒண்ணு மறைச்சிட்டேன். வெளிநாட்டுல ஒரு வேலை வந்திருக்கு. இங்கிலீஷ் பரீட்சை மட்டும் பாஸ் பண்ணணும். மாதிரிப் பரீட்சையில கோட்டை விட்டுட்டேன்."

"எதுல?"

"நீ சொல்லித்தருவியே, இங்கும் டுவும், அதுலதான். எல்லாம் தெரிஞ்ச மாதிரிதான் இருந்துச்சு."

"அங்க போயி?"

"போய் ஒரு வீடு பாத்ததும் உன்னக் கூப்பிட்டுக்குவேன்க்கா. நீ இல்லாம நான் என்ன பண்ணுவேன்?"

கண்ணைக்கூடச் சிமிட்டாமல் சொன்னாள். அன்று அவள் உண்மையைச் சொல்லியிருந்தால் நான் மனதாரச் சொல்லிக்கொடுத்து அனுப்பிவைத்திருப்பேன். அப்படித்தான் நினைக்கிறேன்.

மறுநாளே ஆரம்பித்தோம். தினமும் காலை, அவள் வேலைக்குக் கிளம்புவதற்கு முன் முக்கால் மணி நேரம், சாப்பாட்டு மேஜையில். தவறான விடை ஒன்றைக்கூட நான் சொல்லிக்கொடுக்கவில்லை. அவள் நோட்டை வாங்கிப் பாருங்கள், எல்லாம் சரியாக இருக்கும். நான் வினைச்சொல்லைச் சொல்வேன், அவள் பட்டென்று சரியான விடையைச் சொல்வாள். நான் சும்மா இருப்பேன். பிறகு, "நிச்சயமாத் தெரியுமா?" என்பேன். விடையை மாற்றுவாள். அதற்கும், "நிச்சயமாத் தெரியுமா?" முதல் விடைக்கே திரும்பி வந்தால், "ம், பாக்கலாம்" என்று பக்கத்தைத் திருப்புவேன். குரலை உயர்த்தியதில்லை. தலையைத் தடவிக்கொடுத்திருக்கிறேன்.

மூன்று மாதத்தில் அந்தக் காது போய்விட்டது. பேச்சுத் தேர்வில் எதிரே உட்கார்ந்திருந்த பெண்மணி சிரித்த முகமாகத்தான் கேள்வி கேட்டாராம். இவள் ஒவ்வொரு வினைச்சொல்லையும் சொல்லிவிட்டு அப்படியே நின்றிருக்கிறாள்.

"வார்த்தை வாய் வரைக்கும் வருதுக்கா. எது சரின்னு தெரியாம நின்னுடுறேன்" என்று என் தோளில் சாய்ந்து அழுதாள். நானும் அழுதேன், அது நடிப்பில்லை. வேலை கொடுக்க இருந்தவர்கள் இன்னொரு வாய்ப்புக்குக் காத்திருந்தார்கள். இரண்டாம் முறை அவளால் தன்னை அறிமுகம் செய்துகொள்வதையே முடிக்க முடியவில்லை. அந்த வேலை வேறு யாருக்கோ போய்விட்டது.

அத்தோடு முடிந்துவிடும் என்றுதான் நினைத்தேன். தமிழுக்கும் பரவும் என்று எதிர்பார்க்கவில்லை. கடைக்குப் போனால், என்ன வேண்டும் என்று கடைக்காரர் கேட்டதும் முழிப்பாள். போன மாதம் எக்ஸ்ரே அறையில் ஒருவரிடம் "மூச்ச இழுத்துப் பிடிங்க" என்று சொல்லிவிட்டு, "விடுங்க" என்று சொல்வதற்கு முன் நின்றுவிட்டாள். அவர் சொன்ன பேச்சைக் கேட்கிறவர் போலிருக்கிறது. முகம் சிவந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு உட்காரும் வரை மூச்சை அடக்கியிருக்கிறார். அதன் பிறகுதான் ஆஸ்பத்திரியில் அவளை உங்களிடம் அனுப்பினார்கள்.

நீங்கள் கேட்டது எப்போது தொடங்கியது என்று. அதற்குப் பதில் சொல்லிவிட்டேன். நின்றுவிட்டதா என்று நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் ஒளிக்க விரும்பவில்லை. வேலை கைவிட்டுப் போன பிறகும் நான் நிறுத்தவில்லை. கதவைப் பூட்டிவிட்டேன் என்பாள். நிச்சயமாத் தெரியுமா என்பேன், போய்ப் பார்த்துவிட்டு வருவாள். தலைவலி என்பாள், அதற்கும் கேட்பேன். சிறிது நேரம் கழித்து, இல்லை போலிருக்கு என்பாள். தெரிந்தேதான் செய்தேன், ஒவ்வொரு முறையும். ஐந்து வாக்கியத்துக்கு இது அதிகம் என்று உங்களுக்குத் தோன்றலாம். நீங்கள் தூக்கி வளர்த்த பிள்ளை உங்களைப் பற்றி அப்படி எழுதி, அதை நீங்களே திருத்தியிருந்தால் தெரியும்.

ஒரே ஒரு வேண்டுகோள். போன வாரம் அவளைத் தனியாக உள்ளே அழைத்து, கொஞ்ச நாள் வேறு எங்காவது தங்குகிறாயா என்று கேட்டிருக்கிறீர்கள். அவள் பதிலே சொல்லவில்லை என்று சீட்டில் குறித்திருக்கிறீர்கள். நான் பக்கத்தில் இல்லாவிட்டால் அவள் அப்படித்தான். அடுத்த முறை என்னையும் உள்ளே உட்காரவைத்து அதையே கேளுங்கள். முதலில் என் முகத்தைப் பார்ப்பாள், கொஞ்சம் நேரம் எடுக்கும், அவசரப்படுத்தாதீர்கள். அக்காவோடு இருக்கத்தான் பிடித்திருக்கிறது என்று அவள் வாயாலேயே சொல்வாள்.