பென்ரோஸ் பள்ளத்தில் ஏழு மெஷின்கள்

நல்ல மெட்டல் டிடெக்டர் எது என்று என்னிடம் யார் கேட்டாலும் நான் உடனே பதில் சொல்வதில்லை. எந்த மண்ணில், எதைத் தேட என்று திருப்பிக் கேட்பேன். எங்கள் டனோலி பக்கத்துச் செம்மண்ணில் இரும்பு கலந்திருக்கிறது. கடற்கரையில் தொலைந்த மோதிரத்தை அழகாகத் தேடித் தரும் மெஷின் இங்கே வந்தால் ஒவ்வொரு கல்லுக்கும் கத்தித் தீர்க்கும். பழைய சுரங்க முகாம்களில் பொத்தானும் நாணயமும் தேடுகிறவருக்கு, ஆணியை ஒதுக்கிவிட்டுப் பித்தளையை மட்டும் காட்டும் மெஷின் வேண்டும். தங்கம் தேடுகிறவருக்கு அது ஆகவே ஆகாது. ஆணி என்று அது ஒதுக்கியது தங்கக் கட்டியாக இருந்துவிட்டால் அப்புறம் வயிறு எரிந்து என்ன பயன்? இதையெல்லாம் பொறுமையாகச் சோதித்துச் சொல்ல ஒருவன் வேண்டும், சார்ஜென்ட். இந்த வட்டாரத்தில் அது நான்தான்.

என் பெயர் ரோவன் ட்ரெம்பத், வயது அறுபத்தாறு. முப்பத்தோரு வருடம் எடை அளவு ஆய்வாளராக இருந்தேன். பெட்ரோல் பம்ப், கசாப்புக் கடைத் தராசு, பீர் ஊற்றும் குவளை எல்லாவற்றையும் சோதித்து முத்திரை வைப்பது என் வேலை. ஐந்து கிராம் கூடக் காட்டும் தராசைப் பார்த்தால் இன்றும் எனக்குச் சாப்பாடு இறங்காது. ஓய்வு பெற்ற பிறகு, தங்கம் தேடுவோர் சங்கத்தின் பத்திரிகையில் டிடெக்டர்களை ஒப்பிட்டு எழுத ஆரம்பித்தேன். கம்பெனிக்காரர்கள் மெஷினை இரவல் தருவார்கள். சோதித்து, துடைத்து, வந்த டப்பாவிலேயே வைத்துத் திருப்பி அனுப்பிவிடுவேன். ஒரு பாட்டரிகூட என் வீட்டில் தங்கியதில்லை. என்னைப் பற்றி யார் என்ன வேண்டுமானாலும் சொல்லலாம், கை சுத்தமில்லை என்று மட்டும் சொல்ல முடியாது.

முதல் நான்கு வருடம் என் வீட்டுக் கொல்லையில்தான் சோதனை. தங்கத் துணுக்குகளை வெவ்வேறு ஆழத்தில் புதைத்து, ஒவ்வொரு மெஷினின் அடியில் இருக்கும் வளையத்தையும் மண்ணுக்கு மேலே இப்படியும் அப்படியும் வீசிப் பார்த்து, எது எத்தனை சென்டிமீட்டர்வரை கேட்கிறது என்று அட்டவணை போடுவேன். அப்போதுதான் கல்கூர்லியிலிருந்து ஒரு வாசகர் கடிதம் போட்டார். புதைத்த இடம் தெரிந்தவன் காதுக்கு இல்லாத சத்தமும் கேட்கும், உம்முடைய அட்டவணை அடுப்பெரிக்கத்தான் லாயக்கு என்று எழுதியிருந்தார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. மூன்று நாள் யோசித்த பிறகு அவர் சொன்னது சரி என்று தெரிந்தது. அது இன்னும் கோபத்தைக் கிளப்பியது.

சோதிக்கிறவருக்கு இடம் தெரியக்கூடாது. அங்கே எதையாவது யாராவது புதைத்திருக்கிறார்கள் என்பதே தெரியக்கூடாது. அதே சமயம் வாரம் தவறாமல் வருகிறவராக, ஒன்றும் கிடைக்காவிட்டாலும் விடாதவராக இருக்க வேண்டும். அப்படி ஒருத்தர் எங்கள் சங்கத்திலேயே இருந்தார், கிளாரி பாஸ்கோ. தண்டவாளப் பராமரிப்பு வேலையிலிருந்து ஓய்வு பெற்ற எழுபத்திரண்டு வயதுக்காரர், மனைவி போய் ஆறு வருடம். டேப் சுற்றிய பழைய மெஷின் ஒன்றை வைத்துக்கொண்டு எட்டு வருடமாகப் பென்ரோஸ் பள்ளத்தில் தேடினார். கிடைத்ததெல்லாம் ஆணி, ஈயக் குண்டு, பாட்டில் மூடி. சங்கத்தில் அவருக்கு 'ஆணி' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். எனக்கு அவரைப் பிடிக்கும். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

பத்திரிகைக்காக எழுத வேண்டும், இந்த மெஷின்களைக் கொஞ்ச நாள் கையில் பிடித்துப் பார்த்து எப்படி என்று சொல்லுங்கள் என்றேன். அவருக்குத் தலைகால் புரியவில்லை. மொத்தம் ஏழு மெஷின்கள். மெஷினுக்கு ஆறு இலக்குகள் புதைப்பேன், நான்கு தங்கம், இரண்டு பழம்பொருள். மேலிருந்து தோண்டிப் புதைத்தால் மண் கலைந்தது தெரிந்துவிடும். அதனால் ஓடைக் கரையிலிருந்து கம்பியால் சாய்வாகத் துளை போட்டு, துணுக்கை உள்ளே தள்ளி, களிமண்ணால் அடைத்து, ஒரு நல்ல மழை பெய்யும்வரை காத்திருப்பேன். கிளாரி வரும் வியாழக்கிழமைகளில் சரிவில் இரும்புப்பட்டை மரத்தடியில் மடக்கு நாற்காலி போட்டு, பைனாகுலரும் நோட்டுமாக உட்கார்ந்துகொள்வேன். பறவை பார்க்கிறேன் என்று சொல்லியிருந்தேன். பறவைகளையும் பார்த்தேன்.

முதல் துணுக்கு கிடைத்த நாள் நன்றாக நினைவிருக்கிறது.

"யோவ் தராசு, ஓடி வாய்யா! இல்ல, ஓடாத, மெதுவா வா, எதையாவது மிதிச்சுத் தொலைக்கப் போற." என் பழைய வேலையை வைத்து அவர் எனக்கு வைத்த பெயர் தராசு. போனேன். உள்ளங்கையில் துணுக்கை வைத்துக்கொண்டு நின்றார். "எட்டு வருஷம்யா. அந்தப் பசங்க என்னா பேச்சு பேசினானுங்க. இனிமே எவனாவது ஆணின்னு கூப்பிடட்டும், இத அவன் மூக்குலயே அடிச்சு வைக்கிறேன்."

சொல்லிவிட்டு அழுதார். அவர் கண்ணைத் துடைப்பதற்குள் நோட்டில் குறித்துக்கொண்டேன். முதல் மெஷின், முதல் இலக்கு, பதினெட்டு சென்டிமீட்டர், ஒலி தெளிவு.

இங்கே ஒரு சிக்கல் வந்தது. எங்கள் ஆட்களிடம் ஒரு பழக்கம் உண்டு. அடுத்தவர் மெஷினில் கிடைத்தால் ஆளுக்குப் பாதி. "மெஷின் உன்னுது, முதுகு என்னுது. பேசாம வாங்கிக்க," என்று இரண்டாவது துணுக்கை என் சட்டைப் பையில் திணித்துவிட்டார். நான் எவ்வளவோ மறுத்துப் பார்த்தேன். கடைசியில் அப்படி அவர் தந்தவற்றையெல்லாம் கொண்டுபோய் மறுபடியும் புதைத்தேன். இலக்கின் எடை மாறாமல் இருப்பது ஒப்பீட்டுக்கு நல்லதுதானே. மூன்றாவது மெஷினில் ஒரு துணுக்கை எடுத்தவர் அதை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஈஸ்டருக்கு உனக்குக் குடுத்தத உரிச்சு வச்ச மாதிரி இருக்கேய்யா. ஓரத்துல பல்லு மாதிரி ஒண்ணு, பாரேன்."

"ஒரே பாறையில பொறந்தது கிளாரி. அண்ணன் தம்பி ஜாடை இருக்காதா?" என்றேன்.

அவருக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது. ஒரு வாரம் மதுக்கடையில் எல்லாரிடமும் சொல்லிச் சிரித்தார். நான் அவரிடம் சொன்ன பொய் என்று பார்த்தால் அது ஒன்றுதான், அதையும் கேள்வியாகத்தான் கேட்டேன். அதற்குப் பிறகு திரும்பப் புதைப்பதற்கு முன் சுத்தியலால் ஓரத்தில் ஒரு தட்டுத் தட்டிவிடுவேன்.

நான்காவதும் ஐந்தாவதும் பழம்பொருள் தேடுவதற்கென்றே செய்த மெஷின்கள். அவற்றுக்கு வெறும் பொத்தான் போதாது. ஞாயிற்றுச் சந்தையில் ஒரு பித்தளைப் புகையிலைப் பெட்டி வாங்கினேன். மூடியில் ஆணியால் ஜே.பி. என்று கீறியிருந்தது. கிளாரியின் கொள்ளுத்தாத்தா பெயர் ஜாப் பாஸ்கோ. கார்ன்வாலிலிருந்து கப்பலேறித் தங்கம் தோண்ட இந்தப் பக்கம் வந்தவர், பிறகு என்ன ஆனார் என்று குடும்பத்தில் யாருக்கும் தெரியாது. இதை கிளாரி என்னிடம் இருபது தடவையாவது சொல்லியிருப்பார். அதை மனதில் வைத்துத்தான் அந்தப் பெட்டியை வாங்கினேன் என்று உங்களுக்குத் தோன்றலாம். கடையில் இருந்த மற்ற பெட்டிகள் கொஞ்சம் இலேசாக இருந்தன. இதன் எடை சரியாக இருந்தது.

அந்தப் பெட்டி கிடைத்த பிறகு கிளாரி கேலி பேசுவதையே விட்டுவிட்டார். "அவரு இங்கதான்யா கூடாரம் போட்டிருக்காரு," என்று தணிந்த குரலில் சொன்னார். "நான் எட்டு வருஷமா அவரு தலைமேல நடந்துட்டு இருந்திருக்கேன். மிச்சத்தையும் இங்கதான் எங்கயோ வச்சிருப்பாரு." வியாழக்கிழமை என்பது போய்த் தினமும் என்று ஆனது. கேரவனைக் கொண்டுவந்து பள்ளத்துக்கு மேலேயே நிறுத்திக்கொண்டார். பெட்டி எப்போதும் அவர் சட்டைப் பையில் இருக்கும். அவர் மகள் லினெட் அதைச் சவப்பெட்டிக்குள் அவர் கையிலேயே வைத்தாள். நல்ல பெண்.

லினெட் கீலாங்கில் இருக்கிறாள். அவள் எனக்கு ஃபோன் செய்தது நவம்பரில், கோடை தொடங்கும் நேரம். கிளாரியின் இதயத்தில் ஒரு வால்வு பழுதாகியிருந்தது, மாற்ற வேண்டும். ஆகஸ்டில் கொடுத்த தேதியைத் தள்ளிப்போட்டார். நவம்பரில் கொடுத்ததையும் தள்ளிப்போட்டார்.

"நீங்க சொன்னா அப்பா கேப்பாரு," என்றாள். "நான் வாயத் தொறந்தாலே ஃபோன வச்சுடறாரு. இந்தக் கோடையத் தாண்டறது கஷ்டம்னு டாக்டர் சொல்லிட்டாரு. சம்பாதிச்சது போதும், இங்க வந்து இருங்கன்னா, கொள்ளுத்தாத்தா கூப்பிடறாருங்கறாரு. அந்தப் பள்ளத்துல அப்படி என்னதான் இருக்கு?"

அந்தக் கேள்விக்குத் திருத்தமாகப் பதில் சொல்லக்கூடியவன் உலகத்தில் நான் ஒருவன்தான். நோட்டைப் புரட்டினால் சென்டிமீட்டர் சுத்தமாகச் சொல்லியிருக்கலாம். பேசிப் பார்க்கிறேன் என்று சொன்னேன்.

பேசவும் செய்தேன். ஏழாவது மெஷினை அவர் கையில் கொடுத்துவிட்டு, "உடம்புதான் முக்கியம் கிளாரி," என்றேன்.

"தெரியும்யா. மார்ச்சுல தேதி குடுத்திருக்காங்க, போயிடறேன். தாத்தா வச்சத எடுத்து லினெட்டுக்கு ஒரு மோதிரம் பண்ணிப் போட்டுட்டுப் படுக்கறேன். அப்புறம் எங்க வேணா கத்தி வைக்கட்டும்."

அதெல்லாம் நான் வைத்தது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் அன்றைக்கே கீலாங் போயிருப்பார். அது எனக்குத் தெரியாமலில்லை. ஆனால் விஷயம் தெரிந்த ஆளைக் கொண்டு எடுத்த எண்கள் ஒன்றுக்கும் உதவாது. ஆறு மெஷின்கள் முடிந்து, ஒன்றுதான் மிச்சம். பத்து வாரத்துக்காக ஒன்றரை வருட வேலையைக் குப்பையில் போடு என்று நியாயம் தெரிந்த யாரும் சொல்ல மாட்டார்கள். தவிர, அந்த ஒன்றரை வருடம் அவர் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். எந்த டாக்டராலும் அதைக் கொடுத்திருக்க முடியாது. தங்கமும் என் சொந்தத் தங்கம். சொந்தத் தங்கத்தை மண்ணில் போடக்கூடாது என்று எந்தச் சட்டத்திலும் இல்லை, நான் பார்த்துவிட்டேன்.

பிப்ரவரி பதினொன்றாம் தேதி காலை பத்து மணிக்கே முப்பத்தெட்டு டிகிரி. ஏழாவது மெஷின் பிரமாதமாக வேலை செய்தது. ஒரு மணி நேரத்துக்குள் மூன்று இலக்குகள். நான்காவது முப்பத்துநான்கு சென்டிமீட்டர் ஆழம், அந்த மண்ணில் வேறு எதுவும் அதைத் தொட்டதில்லை. கிளாரி தோண்டினார், மண்டியிட்டார், பிறகு குப்புறப் படுத்தார். ஆழமான குழி என்றால் படுத்துத் தோள்வரை கையை விட்டுத் துழாவுவது எங்கள் வழக்கம்தான். 'படுத்துவிட்டார், ஆழம் அதிகம்' என்று குறித்தேன். இருபது நிமிடம் பொறுத்து இறங்கிப் போனேன். உங்கள் அறிக்கையில் இருபத்திரண்டு என்று இருக்கிறது. உங்கள் எண்தான் சரி.

கை குழிக்குள் இல்லை. முகம் சாம்பல் பூத்திருந்தது, வியர்வை ஆறாக ஓடியது. கண் திறந்திருந்தது. "தராசு, நெஞ்சு," என்றார். பள்ளத்தில் ஃபோனுக்கு சிக்னல் எடுக்காது. காரில் மேட்டுச் சாலைக்கு ஏறினால் எடுக்கும், ஏழு நிமிடம்.

கிளாரி விழுந்த பிறகும் அந்த மெஷின் பதினொரு நிமிடம் நடமாடியிருக்கிறதே, யார் நடந்தது என்று கேட்டீர்கள். போன பாதையை நொடி தவறாமல் பதிவு செய்யும் வசதி அதில் உண்டு. அதை என் கட்டுரையிலேயே பாராட்டியிருந்தேன். நடந்தது நான்தான். மூன்று இலக்குகள் இன்னும் மண்ணுக்குள் இருந்தன. ஆம்புலன்ஸ் வரும், நீங்கள் வருவீர்கள், பிறகு ஊரே வந்து தோண்டும். நான் வைத்த தங்கத்தைப் பார்த்து அங்கே பொன் விளைகிறது என்று எத்தனை பேர் வீடு வாசலை விட்டு வந்து உட்கார்ந்திருப்பார்கள்? யாரும் ஏமாறக்கூடாது என்றுதான் முதலில் அதை எடுத்தேன். நான்காவது குழி அவருக்குக் கீழே இருந்தது, அவரைக் கொஞ்சம் நகர்த்த வேண்டியிருந்தது. அவர் தோளிலிருந்து மெஷினின் வாரைக் கழற்றிக்கொண்டேன்.

ஐந்தாவதை நோக்கி நடந்தபோது கிளாரி தலையைத் திருப்பி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் வளையத்தை ஒரு வீச்சு வீசிவிட்டுக் மண்வெட்டியால் கொத்தி எடுத்தேன். ஆறாவதும் அப்படியே. அப்போதுதான் பேசினார். குரல் இறங்கியிருந்தது, ஆனாலும் எனக்கு ஒவ்வொரு வார்த்தையும் கேட்டது.

"தேடவே இல்லையேய்யா. நேரா போய் எடுக்கிறியே."

அதன் பிறகு நான் மேட்டுக்குப் போய் ஃபோன் செய்தேன். ஆம்புலன்ஸ்காரர்கள் வந்தபோது உயிர் இல்லை. கொஞ்சம் முன்னால் கூப்பிட்டிருந்தால் பிழைத்திருப்பார் என்று அவர்கள் உங்களிடம் சொன்னதாகச் சொன்னீர்கள். இருக்கலாம், அது அவர்கள் தொழில்.

அந்த மூன்று இலக்குகளையும் ஏழாவது மெஷின் பதினொரு நிமிடத்தில் காட்டிக் கொடுத்தது. மற்ற ஆறில் ஒன்றுகூட அதன் பக்கத்தில் வர முடியாது. ஆனால் அச்சுக்குப் போன அட்டவணையை எடுத்துப் பாருங்கள், அந்த மூன்று கட்டங்களும் காலியாகத்தான் இருக்கும். கிளாரி சொன்னது நியாயம். இடம் தெரிந்தவன் எடுத்ததை நான் சேர்த்துக்கொள்வதில்லை.