விட்டுப்போன பெயர்

எனக்குச் சத்தமாகப் பேச வராது, டாக்டர். நாற்காலியைக் கொஞ்சம் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள்.

அம்மா வீட்டில் இருப்பது நல்லது என்று நீங்களே சொன்னீர்கள். பள்ளிக்கூடம் அவளைச் சக்கையாகப் பிழிந்திருந்தது. குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுவாள். யாராவது ஒரு பையனின் அப்பா போனில் கத்துவார். தட்டில் கை வைத்தபடியே கேட்டுக்கொண்டிருப்பாள். ஒருநாள் பாடம் நடத்தும்போதே கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்றவள், மணி அடித்த பிறகும் திரும்பவில்லை. நீங்கள் மருத்துவ விடுப்பு எழுதிக் கொடுத்தீர்கள்.

விடுப்பில் அம்மா தூங்கினாள். எனக்குத் தலை வாரிவிட்டாள். ஜன்னல் ஓரம் உட்கார்ந்து இரண்டு பேரும் பட்டாணி உரித்தோம்.

"என்னடி, நம்ம வீட்டுக்குள்ள இவ்ளோ வெயில் வருமா?" என்று கேட்டாள்.

பிறகு தேறத் தொடங்கினாள்.

பதிவேட்டைப் பார்க்காமலே வகுப்பு மொத்தத்தையும் வரிசையாகப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது அவள் வழக்கம். அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. மறுபடி வேலைக்குப் போகலாமா என்று பார்க்க அவள் வைத்துக்கொண்ட பரீட்சையும் அதுதான். காலையில் கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள். நான் பெயர்ப் பட்டியலை வைத்துச் சரிபார்க்க வேண்டும்.

முதல் நாளே முழுவதும் சரியாகச் சொன்னாள்.

"ஒண்ணு விட்டுட்டியேம்மா" என்றேன்.

"யாருடி?"

"கடைசி பெஞ்சு நெட்டையன்."

"சொன்னேனே."

"இல்லம்மா."

அவ்வளவுதான் செய்தேன். சாப்பாட்டில் எதையும் கலக்கவில்லை. ஒவ்வொரு காலையும் ஒரு பெயர், சில நாள் இரண்டு. என் பொண்ணுக்குப் பொய் சொல்லக்கூடத் தெரியாது என்று எல்லோரிடமும் சொல்பவள் அம்மா. அதனால் தன் தலையைத்தான் சந்தேகப்பட்டாள். உங்களிடம் வந்து மறதி என்றாள். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். நான் தலையாட்டினேன். நீங்கள் மாத்திரையைக் கூட்டினீர்கள்.

கணக்கு வாத்தியார் பார்க்க வந்தபோது அவர் எதிரிலும் சொல்லிக் காட்டினாள்.

"ஒரு பேர்கூட விடல டீச்சர். எனக்கெல்லாம் என் ரெண்டு பசங்க பேரே மாறிப்போகுது" என்று சிரித்தார்.

அவர் போனதும் அம்மா, "பாவம், என் மனசு நோகக் கூடாதுன்னு சொல்லிட்டுப் போறாரு" என்றாள். மறுநாள் வேலையை விட்டுவிட்டாள். அன்று அம்மா ஒரு பெயரும் விடவில்லை என்று அவர்தானே இப்போது உங்களிடம் வந்து சொன்னது?

ஏன் என்று கேட்கிறீர்கள்.

ஒன்பதாம் வகுப்பில் அம்மாதான் எனக்கு வகுப்பாசிரியை. என் பெயரைக் கூப்பிட்டால் எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும். மகளுக்குச் சலுகை காட்டுகிறாள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்பதில் அவள் கறாராக இருந்தாள். இரண்டு முறை கூப்பிடுவாள், மூன்று முறை கூப்பிடுவாள்.

"காதுல விழல. வரலைன்னு போட்டுடறேன்" என்பாள்.

வகுப்பு சிரிக்கும். நான் அவள் கண்ணெதிரில் உட்கார்ந்திருப்பேன். வருகை போதவில்லை என்று அந்த வருஷம் பரீட்சை எழுத விடவில்லை. அதோடு பள்ளிக்கூடத்தை விட்டு நின்றுவிட்டேன்.

அதற்காகச் செய்யவில்லை, டாக்டர். அதெல்லாம் எனக்கு எப்போதோ மறந்துவிட்டது. அவளைக் காப்பாற்றத்தான் செய்தேன்.

இப்போது அம்மாவுக்கு உண்மையிலேயே மறக்கிறது. மாத்திரையாலா, பயத்தாலா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். எல்லாம் சரியாகச் சொன்னாய் என்று ஒருநாள் சொல்லிப் பார்த்தேன்; நம்பவில்லை. பெயர்கள் ஒவ்வொன்றாக உதிர்ந்து, என் பெயர் மட்டும் மிச்சம் இருக்கிறது. காலையில் கண்ணை மூடிக்கொண்டு அதைக் கூப்பிடுகிறாள். இரண்டு முறை கூப்பிடுகிறாள், மூன்று முறை கூப்பிடுகிறாள். கடைசியில் பயந்துபோய், "வரலையா?" என்று கேட்கிறாள்.

எனக்குத் தொண்டை எல்லாம் இப்போது அடைப்பதில்லை. எதிரிலேயே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன்.