மோட்டர் அண்ணாச்சியின் குரல்

17.07.2025 அன்று முற்பகல் 11.20 மணிக்கு, ஸ்ரீவில்லிபுத்தூர் காவல் நிலையத்துக்குத் தானாக வந்து ஆஜரான கௌதம்ராஜ், வயது 34, த/பெ. சஞ்சீவிராஜா, பழையபாளையம், ராஜபாளையம் என்பவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்ட வாக்குமூலம்.

நான் மேற்படி விலாசத்தில் மனைவி மற்றும் ஒரு பெண் குழந்தையுடன் குடியிருந்து வருகிறேன். ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி தயாரிக்கும் கம்பெனி ஒன்றில் லேபிள் அடிக்கும் பிரிவில் ஒன்பது வருடமாக வேலை பார்க்கிறேன். வீட்டில் தெலுங்கு பேசுவோம். தமிழ் நன்றாக எழுதப் படிக்கத் தெரியும். என் மேல் இதற்கு முன் வழக்கு எதுவும் கிடையாது. ஸ்ரீவில்லிபுத்தூரில் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கும் எட்வின் என்பவர், அதே ஊர் மடவார் வளாகத்தில் குடியிருக்கும் பரிபூரணம் என்ற பெண்ணின் போனில் இருந்ததை எல்லாம் அழித்துவிட்டதாகப் புகார் கொடுக்கப்பட்டுள்ளது. அதை அவர் செய்யவில்லை. அது என்னால் நடந்தது. அதைச் சொல்லவே வந்தேன். யாரும் என்னை மிரட்டிக் கூட்டி வரவில்லை.

நான் மூன்று வருடமாக 'இன்னும் சுத்துது' என்ற பெயரில் ஒரு வாட்ஸ்அப் குழு நடத்தி வருகிறேன். 212 பேர் இருக்கிறார்கள். நெட் கிடைக்காமல் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்குமே, அதை வைத்து அந்தப் பெயர். ஓடிபி நேரம் முடிந்த பிறகு வந்து சேருவது, பிரிண்டர் அவசர நேரத்தில் மட்டும் பேப்பரை மெல்லுவது, மிக்சி போட்டால் டிவியில் கோடு விழுவது, நெட் ஏன் வரவில்லை என்று எப்போது கேட்டாலும் கேபிள்காரர் மரம் விழுந்துவிட்டது என்று சொல்வது, இப்படி ஆளாளுக்குப் புலம்புவதும் அதைக் கிண்டல் செய்வதும்தான் குழுவின் வேலை. அரசியல் பேசினால் வெளியேற்றிவிடுவேன்.

குழுவில் ஒரு வழக்கம் உண்டு. யாராவது சந்தேகம் கேட்டால் முதலில் வரும் பதில் பொய்யாக இருக்க வேண்டும். டவர் கிடைக்கவில்லை என்றால், மொட்டை மாடிக் கொடியில் கிளிப் போட்டு போனைக் காயவிடவும் என்போம். பிரிண்டர் ஓடவில்லை என்றால் வேப்பிலை அடிக்கச் சொல்வோம். பொய் என்று தெரிவதற்காக அந்தப் பதிலின் கடைசியில் எலுமிச்சம்பழப் படம் ஒன்று போட வேண்டும். பொய் சொன்னவரே பத்து நிமிடத்துக்குள் உண்மையான பதிலையும் போட வேண்டும். இந்த வழக்கத்தை உண்டாக்கியவன் நான். புதிதாக வருபவர்களுக்கு இதை யாரும் விளக்கியது இல்லை. அவர்கள் ஏமாந்து விழிப்பதைப் பார்ப்பதும் எங்களுக்கு ஒரு சிரிப்பாக இருந்தது.

என்னுடன் கம்பெனியில் பேக்கிங் பிரிவில் வேலை பார்க்கும் பாண்டிசெல்வி, கடந்த மார்ச் மாதம் தன் பக்கத்து வீட்டுக்காரரான மேற்படி பரிபூரணத்தைக் குழுவில் சேர்த்துவிட்டார். பரிபூரணத்துக்கு வயது 58 இருக்கும். அவர் சேர்ந்த அன்றே ஒரு ஆண் குரல் பேசிய ஆடியோவைப் போட்டு, இதைக் காதில் வைத்தால் சத்தம் குறைந்துவிடுகிறது, எடுத்தால் நின்றுவிடுகிறது, என்ன செய்ய என்று கேட்டிருந்தார். அந்த ஆடியோவில் இருந்த வாசகம் எனக்கு இப்போதும் மனப்பாடம்: "ஏட்டி பரிபூரணம், மோட்டர ஆஃப் பண்ணுனியா? மறந்துருப்ப. போயி மொதல்ல ஆஃப் பண்ணு. நான் புனலூர் தாண்டி லாரிய ஓரமா நிப்பாட்டிட்டுப் பேசுதேன்."

கேரளாவில் லாரியை நிறுத்திவிட்டு ஒருவர் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியைப் பற்றிக் கவலைப்பட்டது எனக்கு ரொம்பச் சிரிப்பாக இருந்தது. அதன் பிறகு அந்த ஆடியோவை எடுத்து, பெயர் தெரிந்தால் வம்பு என்று பெயரை வெட்டிவிட்டு, புனலூரையும் வெட்டிவிட்டு, "மறந்துருப்ப. போயி மொதல்ல ஆஃப் பண்ணு" என்பதை மட்டும் வைத்து, பின்னால் லாரி ஹாரனும் பத்துப் பேர் சிரிக்கும் சத்தமும் சேர்த்து ஒன்பது வினாடிக்கு ஒரு துண்டு தயாரித்தேன். அதற்கு 'மோட்டர் அண்ணாச்சி' என்று பெயர் வைத்தேன். யாராவது குழுவில் அளவுக்கு மீறிப் பேசினால் அதைப் போட்டு வாயை அடைப்போம். வேறு ஊர்க் குழுக்களுக்கும் அது போனது. நான் அதையே என் போனின் ரிங்டோனாகவும் வைத்துக்கொண்டேன். குழுவில் ஏழு நாளில் எல்லாம் தானாக அழியும்படி வைத்திருந்ததால் அசல் ஆடியோ அழிந்துவிட்டது. என்னிடம் இருந்ததையும் வேலை முடிந்ததும் அழித்துவிட்டேன். பேசியவர் பரிபூரணத்தின் கணவர் ஐயாதுரை என்பதும், அவர் 2023-ஆம் ஆண்டு நெஞ்சு வலியில் இறந்துவிட்டார் என்பதும் அப்போது எனக்குத் தெரியாது. யாருடைய குரல் என்று நான் கேட்கவும் இல்லை.

அதன் பிறகு 12.07.2025 சனிக்கிழமை மாலை 3.50 மணிக்குப் பரிபூரணம் குழுவில், போனில் இடம் இல்லை என்று வருகிறது, போட்டோ, வீடியோ எதுவும் வந்து சேரவில்லை, என்ன செய்ய என்று குரலில் பேசிப் போட்டார். நான் கம்பெனியில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். உடனே, போனுக்கு வயிறு உப்பிவிட்டது, பேதி மருந்து கொடுக்க வேண்டும், செட்டிங்ஸில் கடைசியில் போய் ரீசெட் என்று இருப்பதை அமுக்கவும் என்று வழி சொல்லி, கடைசியில் எலுமிச்சம்பழம் போட்டேன். அந்த வழியில் போனால் போனில் உள்ள எல்லாமே அழிந்துவிடும் என்பது எனக்குத் தெரியும். பெரியவர்கள் அந்த இடத்தைக் கண்டுபிடிக்கவே மாட்டார்கள் என்று நினைத்தேன். அவர் கண்டுபிடித்துவிட்டார்.

4.05 மணிக்கு அவர் மறுபடி பேசிப் போட்டார். "தம்பி, எல்லாம் அழிஞ்சிரும்னு காட்டுது. அமுக்கவா, வேண்டாமா?" என்று கேட்டார். அதற்கு நான் வேண்டாம் என்று ஒரு வார்த்தை எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை. மோட்டர் அண்ணாச்சி ஆடியோவை எடுத்துப் பதிலாகப் போட்டேன். 61 பேர் சிரித்தார்கள்.

இன்று காலை ஆய்வாளர் முதலில் என்னை விசாரித்தபோது, உண்மையான பதிலைப் போடுவதற்குள் நெட் போய்விட்டது என்று சொன்னேன். அது பொய். அதை அடித்துவிட்டு இப்போது சொல்வதை எழுதிக்கொள்ளும்படி கேட்டுக்கொண்டேன். அன்று என் போனில் நாலு கோடும் முழுசாக இருந்தது. எத்தனை பேர் சிரிக்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டிருந்தேன். நாற்பது தாண்டட்டும், ஐம்பது தாண்டட்டும் என்று உண்மையான பதிலைத் தள்ளிப்போட்டேன். அதற்குள் மணி அடித்துவிட்டது, வேலைக்குப் போய்விட்டேன். அதன் பிறகு பரிபூரணத்திடம் இருந்து சத்தமே இல்லாததைப் பார்த்து, "ஆச்சி மோட்டர ஆஃப் பண்ணிட்டாவ போல" என்று எழுதினேன். அதற்கும் சிரித்தார்கள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, பரிபூரணத்தின் மகன் சாம்சன் திருப்பூரில் இருந்து வந்திருக்கிறார். போனில் ஒன்றுமே இல்லாததைப் பார்த்து யார் அழித்தது என்று கேட்டிருக்கிறார். தாயார் பயந்து, "நான் ஒண்ணும் அமுக்கல" என்று சொல்லிவிட்டார். வெள்ளிக்கிழமைதான் எட்வின் கடையில் அந்தப் போனுக்குக் கண்ணாடி மாற்றியிருந்தார்கள். எட்வின்தான் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு அழித்துவிட்டான் என்று சாம்சன் முடிவு செய்து, கடைக்குப் போய்ச் சண்டை போட்டதில் கடை போர்டு உடைந்தது. அதன் பிறகு அவர் இந்தக் காவல் நிலையத்தில் புகார் கொடுத்தார். திங்கட்கிழமைக்குள் ஊர் முழுக்கப் பேச்சாகிவிட்டது. எட்வின் கடையில் கொடுத்த போனைத் திருப்பிக் கேட்டுப் பதினோரு பெண்கள் வரிசையில் நின்ற போட்டோ எங்கள் குழுவுக்கும் வந்தது. நான் அதற்குச் சிரிக்கும் படம் போட்டேன். நடந்தது என்னவென்று அப்போது எனக்குத் தெரியாது.

திங்கட்கிழமை மதியம் பாண்டிசெல்வி என்னிடம் வந்து சொன்னார். பரிபூரணம் அவரிடம் மட்டும் உண்மையைச் சொல்லியிருக்கிறார். பாண்டிசெல்வி சொன்னதை அப்படியே சொல்கிறேன். "பரிபூரணம் அக்கா வீட்டுக்காரரு லாரி எடுக்கும்போது டயருக்கு அடியில எலுமிச்சம்பழம் வச்சுத்தான் கெளம்புவாவளாம். அந்தப் படத்தப் பாத்ததும் அக்கா நல்ல காரியம்னு நெனச்சிருக்காவ. அமுக்கவா வேண்டாமான்னு ஒங்ககிட்ட கேட்டுருக்காவ. அந்நேரம் நீங்க அனுப்புனதுல அவிய வீட்டுக்காரர் கொரலு கேட்டுச்சாம், போயி மொதல்ல ஆஃப் பண்ணுன்னு. அவியளே சொல்லுதாவன்னு அமுக்கிட்டாவ." ஐயாதுரை சாவதற்கு முன் மூன்று வருடமாக வழியில் இருந்து அனுப்பிய ஆடியோ முந்நூற்றுக்கு மேல் அந்தப் போனில் மட்டும்தான் இருந்ததாம். தினம் சமையல் செய்யும்போது ஒன்று கேட்பாராம். குழுவை எப்போதாவதுதான் திறப்பார் என்பதால், நான் வெட்டிய ஆடியோவை அவர் கேட்டது அதுதான் முதல் தடவை.

நான் பாண்டிசெல்வியிடம், வெளியே சொல்லாதே, ரெண்டு நாளில் ஆறிவிடும் என்று சொன்னேன். அதன் பிறகு கழிவறைக்குப் போய் சனிக்கிழமை நான் போட்டவற்றை ஒவ்வொன்றாக எல்லோருக்கும் அழியும்படி அழித்தேன். செவ்வாய்க்கிழமை வேலைக்குப் போனேன், குழுவில் நெட் வரவில்லை என்று ஒரு தமாஷும் போட்டேன். செய்த தப்பை விட, அந்தத் தமாஷைப் போட்டதுதான் எனக்கு இப்போது அருவருப்பாக இருக்கிறது.

நேற்று புதன்கிழமை ஒருவர் குழுவில் ஒரு போட்டோ போட்டார். எட்வின் கடையின் மூடிய ஷட்டரில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. சர்வீஸ் கடையில் போனைக் கொடுத்தால், திறப்பதற்கு எப்படிக் கோடு இழுக்க வேண்டும் என்று ஒன்பது புள்ளி வைத்து வரைந்து போன் முதுகில் ஒட்டிவைப்பார்கள். எட்வின் தன் சொந்த போனுக்கான கோட்டை அதே மாதிரி பெரிதாக வரைந்து, 'என் போன் காவல் நிலையத்தில் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் திறந்து பார்த்துக்கொள்ளலாம்' என்று எழுதியிருந்தார். அதற்கு 30 பேர் சிரித்திருந்தார்கள். நான் அந்தக் கோட்டை விரலால் மேஜை மேல் இழுத்துப் பார்த்தேன். அதன் பிறகு என்னால் சும்மா உட்கார முடியவில்லை. இன்று காலை லீவு சொல்லிவிட்டு, பாண்டிசெல்வியையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறி வந்தேன்.

நான் சொன்னதைக் கேட்ட பிறகு ஆய்வாளர் ஆள் அனுப்பி, பரிபூரணத்தையும் சாம்சனையும் வரவழைத்தார். எட்வின் ஏற்கனவே விசாரணைக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அவர்கள் எதிரில் நான் எல்லாவற்றையும் மறுபடி சொன்னேன். சாம்சன் என்னை அடிக்க வந்தார். பரிபூரணம் அவர் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தார். என் முகத்தை அவர் பார்க்கவில்லை.

அந்த நேரத்தில் ஆய்வாளர் மேஜை மேல் இருந்த என் போன் அடித்தது. கம்பெனியில் இருந்து அழைத்திருக்கிறார்கள். ரிங்டோனை மாற்ற வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. ஹாரன் சத்தமும் சிரிப்புமாக, "மறந்துருப்ப. போயி மொதல்ல ஆஃப் பண்ணு" என்று ஐயாதுரையின் குரல் ஸ்டேஷன் முழுக்கக் கேட்டது. நான் பதறி எடுக்கப் போனேன். பரிபூரணம் எழுந்து நின்று, "எடுக்காத தம்பி. அடிக்கட்டும்" என்றார். யாரும் எடுக்கவில்லை. நாலு தடவை சொல்லிவிட்டு போன் நின்றது.

அதன் பிறகு பரிபூரணம் என்னைப் பார்த்து, "எம் பேரச் சொல்லித்தான கூப்பிடுவாவ. பேரு எங்க?" என்று கேட்டார்.

நான் வெட்டிவிட்டேன் என்று சொன்னேன். எட்வின் பெஞ்சில் இருந்து எழுந்து வந்தார். என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். "வெட்டுன துண்டு எங்கயாவது கெடக்கா? பழைய போனு, மெமரி கார்டு, ஏதாவது?" என்று மட்டும் கேட்டார். இல்லை என்றேன். அவர் பரிபூரணத்திடம், "கண்ணாடி மாத்தும்போது நான் ஒரு காப்பி எடுத்து வச்சிருக்கலாம் ஆத்தா. அடுத்தவங்க போன்ல கை வைக்கக் கூடாதுன்னு வைக்கல" என்று சொன்னார். அவரைத்தான் நான் மூன்று நாள் திருடனாக இருக்க விட்டேன்.

ஐயாதுரை குரலில் மிச்சம் இருப்பது நான் வெட்டி வைத்த அந்த ஒன்பது வினாடி மட்டுமே. அதில் உள்ள ஹாரனையும் சிரிப்பையும் பிரித்தெடுக்க முடியுமா என்று பார்ப்பதாக எட்வின் சொல்லியிருக்கிறார். பெயர் வராது. போனை வழக்குச் சொத்தாக ஒப்படைக்கிறேன். அதில் உள்ள குரலை அழித்துவிடாமல், வேலை முடிந்ததும் போனைப் பரிபூரணம் கையில் கொடுக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். எனக்குத் திருப்பித் தர வேண்டாம்.

பொய் சொன்னவனே உண்மையான பதிலையும் போட வேண்டும் என்பது நான் வைத்த வழக்கம். பத்து நிமிடத்துக்குப் பதில் ஐந்து நாள் கழித்து அதைப் போடுகிறேன். இதில் உள்ளது எல்லாம் நான் சொன்னதுதான், சொன்னது எல்லாம் நடந்ததுதான். வாசித்துக் காட்டக் கேட்டேன், சரியாக இருக்கிறது.

(ஒப்பம்) ச. கௌதம்ராஜ்