பொலித்தீன் கழட்டாத சீட்

அலியார்: நடு வரிசையில கால் நல்லா நீட்டலாம், மக்பூல் நானா. நான் பாக்க வந்தது அந்தக் கடைசி வரிசையத்தான்.

மக்பூல்: ஏறிப் பாருங்களேன். விக்கப் போட்ட ஜீப்ப ஒளிச்சா வைக்கப் போறன்? அந்தப் பிடிய இழுங்க, சீட் மடியும்... ஆ, அப்பிடித்தான்.

அலியார்: பிஸ்மில்லாஹ்... ம்ம், தல முட்டல்ல. போன கிழமை குறிஞ்சிப்பிட்டியில ஒரு சின்ன ஜீப் பாத்தன். பின்னுக்கு மூணு பேர் ஏறினா, ஒருத்தர் மத்தவர்ர மடியிலதான்!

மக்பூல்: அதெல்லாம் புதுசாக் கலியாணம் முடிச்சவங்களுக்கு.

அலியார்: பாலாவியில ஒண்டு, நடுத்தரம். அதுலயும் ஏழு சீட்டாம். கடைசி சீட்டுல ஆட்டுக்குட்டிதான் இருக்கலாம்.

மக்பூல்: ஹா... ஹா... இதுல என்ட மகள்ர புள்ளைகள் உருண்டு விளையாடுவாங்க. பெருநாளைக்கு எல்லாரும் ஏறினாலும், டிக்கியில ரெண்டு பெரிய சஹன் தட்டுச் சோறு வைக்க இடமிருக்கும்.

அலியார்: விலைதான்... ஊருலகத்துல இல்லாத விலை.

மக்பூல்: அதப் பிறகு கதைப்பம். முதல்ல வடிவாச் சாஞ்சு இருங்க.

அலியார்: நானா... இந்த சீட்டுல பொலித்தீன் இன்னும் கழட்டல்லயே?

மக்பூல்: அது... தூசி படாம இருக்கட்டும் எண்டுதான்.

அலியார்: ஜீப்ப எடுத்து எத்தின வருஷம்?

மக்பூல்: அஞ்சாறு இருக்கும்.

அலியார்: புள்ளைகள் உருண்டு விளையாடுவாங்க எண்டீங்க...

மக்பூல்: மகள் றுஷ்னா மெல்பன்ல. மகன் டோஹாவுல. வாறம், வாறம் எண்டாங்க. நானும் நம்பிப் பெருசா எடுத்தன்... அத விடுங்க. உங்கட வீட்டுல எத்தின பேர்?

அலியார்: ஏழு பேர்.

மக்பூல்: அப்ப எல்லாரையும் கூட்டிட்டு வாங்களேன். ஏறி இருந்து பாக்கட்டும்.

அலியார்: இன்ஷா அல்லாஹ்... வெயில் கொஞ்சம் தணியட்டும்.

மக்பூல்: ஒண்டு செல்லட்டா? குறிஞ்சிப்பிட்டி ஜீப் என்ட மச்சான் நிஸார்ர. அலியார் எண்டு ஒருத்தர் வந்தாராம். சீட் சீட்டா மாறி இருந்தாராம். பின்னேரம் அஸருக்கு பாங்கு செல்லும் மட்டும் கதைச்சுட்டுப் போனவராம். அதுக்குப் பிறகு ஃபோனே எடுக்கல்லயாம்.

அலியார்: யா அல்லாஹ்... வெக்கமாப் போச்சு. நான் இறங்குறன்.

மக்பூல்: இருங்க, இருங்க! அப்ப அந்த ஏழு பேரும்...?

அலியார்: ஒருத்தருமில்ல நானா. பொஞ்சாதி ஸபீனா மௌத்தான பிறகு வீட்டுல நான் மட்டும்தான். கதைக்க ஆளில்லாமப் பைத்தியம் புடிக்கப் பாக்குது. ஜீப் பாக்க வந்தன் எண்டா, எல்லாரும் வாசல் கேட்டத் திறக்கிறாங்க, இருக்கக் கதிர போடுறாங்க... வாங்க எனக்கு வசதியில்ல. கோவிக்காதீங்க. விலையக் குறைச்சுப் போடுங்க, மெய்யாவே வாங்கிறவன் வருவான்.

மக்பூல்: அவன் வந்தா ஜீப்பக் கொண்டு போயிருவானே! யாரும் வாங்க ஏலாத விலையப் போட்டதே அதுக்குத்தான். விளம்பரத்தப் பாத்தாவது யாரும் வந்து ரெண்டு வார்த்த கதைக்கட்டும் எண்டு... இறங்காதீங்க நானா. அந்தப் பொலித்தீனக் கழட்டிப் போடுங்க, நான் தேத்தண்ணி கொண்டு வாறன்.