பதினாறாவது ஆள்

"அழுதாத்தாம்மா பாக்குறவன் அழுவான். நான் நாப்பது வருசமா மேடையில..."

"அழுக வேணாம்னுதான் சொல்றேன் மேடம். அவ அழுகுற ஆளு இல்ல, அவ..."

"பெத்த மக ஓடிப்போயித் திரும்பி வந்து நிக்கிறா. இவ என்ன கல்லா? ஒரு சொட்டுக் கண்ணீராச்சும்..."

"ஒரு சொட்டும் வேணாம். 'கூடைய எடு, மேக்காட்டுல நாலு வரிசை கெடக்கு.' அம்புட்டுதான் வசனம். சொல்லிட்டு நீங்க குனிஞ்சு காய் எடுக்கணும்."

"இந்தக் கூடைய இடுப்புல கட்டிக்கிட்டுக் குனியவா? நம்மளால ஆகாது. லேசா பொம்மைக் கூடையா ஒண்ணு செஞ்சு கொண்டா."

இருவரும் இப்படி ஒருவர் பேச்சின்மேல் ஒருவர் ஏறிக்கொண்டிருந்தபோது நான் பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன், ஐயா. புதன்கிழமை மத்தியானம், போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டத்தில். அன்றைக்கு வெங்காயம் நல்ல காரம். அந்த இடத்தில் நியாயமாக அழுதது நான் ஒருத்திதான்.

அழுவேன் என்றவர் காளீஸ்வரி அக்கா, மதுரையிலிருந்து வந்த மேடை நடிகை. வேண்டாம் என்றவள் முத்துப்பிரியா, உங்கள் கல்லூரியில் சினிமா படிக்கிற பிள்ளை, தேவாரம் ஊர்க்காரி. பட்டத்துக்காக அவள் எடுத்த படத்தில் ஏலக்காய் எடுக்கும் தாயாக அக்கா நடித்தார். நான் அன்னக்கொடி. வயது ஐம்பத்தெட்டு. படத்துக்கு நான் சமையல், ஜீப்பு, ஆபத்து அவசரம். இந்த மூன்றாவதற்காகத்தான் இன்றைக்கு விசாரணை என்று என்னை எதிரே உட்கார வைத்திருக்கிறீர்கள்.

என் தொழிலைச் சொன்னால்தான் மற்றது விளங்கும். முப்பது வருடமாகப் போடி ஜீப்பு ஸ்டாண்டிலிருந்து எஸ்டேட்டுகளுக்குப் பெண்களை ஏற்றி அனுப்புகிறேன். காலை ஆறு மணிக்கு வரிசையாக ஜீப்புகள் நிற்கும். எவள் எந்த ஜீப்பில் என்பது என் சொல். பதினைந்து ஆள் கேட்டால் நான் பதினாறு பேரைச் சொல்லி வைப்பேன். வளைவு ஏறும்போதே ஒருத்திக்குத் தலை சுற்றும். ஒருத்தி மேலே போய்க் காய்ச்சல் என்று படுப்பாள். அதற்கப்புறம் கீழே வந்து இன்னொருத்தியை ஏற்றிப் போக முடியாது. அதற்குத்தான் பதினாறாவது ஆள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்றால் அவள் கையிலும் ஒரு கூடையைக் கொடுத்து விடுவார்கள். யார் எவர் என்று எந்தத் தோட்டத்திலும் கேட்பதில்லை. அன்னக்கொடி அனுப்பிய ஆள் என்றால் போதும்.

படப்பிடிப்புக்கு இரண்டு வாரம் முந்தி முத்துப்பிரியா ஒரு தாளைக் கொண்டுவந்து காட்டினாள்.

"பெரியம்மா, அவசரத்துக்கு என்னென்ன வேணும்னு எழுதியிருக்கேன். சரியா பாருங்க."

"குடை, மருந்துப் பெட்டி. அம்புட்டுதானா?"

"வேற என்ன வந்துரப் போகுது?"

கடைக்குப் போய் நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கினேன்.

எஸ்டேட்டு முதலாளி கொடுத்தது நாலே நாள், புதன் முதல் சனி வரை. திங்கட்கிழமை அடுத்த காய் எடுப்பு ஆரம்பம்; அதன்பின் செடிக்குச் செடி ஆள் உட்கார்ந்திருக்கும், கேமராவுக்கு இடமில்லை. நாலு நாளில் முடியாவிட்டால் அந்தப் பிள்ளைக்கு இந்த வருடம் பட்டமில்லை. அதனால் வரக்கூடிய இடைஞ்சல் ஒவ்வொன்றையும் எழுதி, எதிரே மாற்று வழியையும் எழுதினேன். பகல் இரண்டு மணிக்கு மஞ்சு என்கிற பனிமூட்டம் இறங்கும். தூரத்துக் காட்சிகளை அதற்கு முன்னால் எடுத்துவிட வேண்டும். கேமராக் கண்ணாடியில் ஈரம் பூத்தால், காய் உலர்த்தும் ஸ்டோரின் வெதுவெதுப்பான சுவரோரம் அரை மணி நேரம் வைக்கலாம். கேமராக்காரப் பையன் மனோஜ் இதற்காக என்னைக் கும்பிட்டான். காலில் ஏறுகிற அட்டைக்குப் புகையிலைத் தூள். மேலே உடை மாற்ற மறைவில்லை. ஆகவே நடிப்பவர்கள் போடியிலேயே வேஷம் கட்டிக்கொண்டு ஏற வேண்டும். போன் அடித்தால் ஒலிப்பதிவு கெடும். ஆகவே முதல் நாள் இரவே நடிக்கிறவர்களின் போன்கள் எல்லாம் என் பையில். மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மறந்துபோவார்கள். ஆகவே அதுவும் என் பையில்.

இதில் எது தப்பு, சொல்லுங்கள். நீங்களாக இருந்தாலும் இதைத்தான் எழுதியிருப்பீர்கள்.

கடைசிப் பக்கத்தில், நடிக்கிறவர் இல்லாமல் போனால் என்று எழுதினேன். எதிரே, மாற்று ஆள் என்று எழுதினேன். பெயர் எழுதவில்லை. எனக்கு நடிப்பில் ஆசை கிடையாது.

வசனம் தெரியும் என்பது உண்மை. இவர்கள் மூன்று வாரம் போடியில் ஒரு கல்யாண மண்டபத்தில் ஒத்திகை பார்த்தார்கள், சோறு பொங்கியது நான். காதில் விழுந்ததை என்ன செய்வது? எனக்கு யார் எந்தக் கதையைச் சொன்னாலும் இரண்டு பேர் பேசிக்கொள்வதாகத்தான் கேட்கும். தாய் பேசுவதைக் கேட்கும்போதெல்லாம் காளீஸ்வரி அக்காவின் குரல் கேட்கவில்லை. வேறு குரல் கேட்டது. அது என் குரல் மாதிரி இருந்தது என்று மட்டும் சொல்கிறேன்.

புதன்கிழமை அந்தக் காட்சியை ஆறு தரம் எடுத்தார்கள். ஆறு தரமும் அக்கா அழுதார். நாலாவது தரம் மகளின் காலில் விழுந்தார். முத்துப்பிரியா ஒரு பாறையில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

"பெரியம்மா, இந்தம்மா நல்லவங்கதான். ஆனா என் படம் போச்சு."

"அதெல்லாம் போகாது. நீ சாப்பிடு."

"நாளைக்கும் அழுதா?"

"நாளைப் பாட்ட நாளைக்குப் பாப்போம் தாயி."

அவளுக்கும் இந்தச் செயலுக்கும் உள்ள சம்பந்தம் இந்த நாலு வரிதான். இதை நீங்கள் தெளிவாக எழுதிக்கொள்ள வேண்டும்.

வியாழக்கிழமை காலை ஸ்டாண்டில் அக்கா வேஷத்தோடு வந்து நின்றார். பழைய சேலை, மேலே ஆம்பளைச் சட்டை, தலையில் துண்டு. பக்கத்தில் நின்ற என் பெண்கள் எல்லாருக்கும் அதே கோலம்தான்.

"எந்த ஜீப்பு அன்னக்கொடி?"

"இதுல ஏறுங்கக்கா. முன் சீட்டு உங்களுக்குத்தான்."

"இன்னைக்காச்சும் மரியாதை தெரிஞ்சுதே."

அந்த ஜீப்பு எங்கள் தோட்டத்துக்குப் போகவில்லை. அது இன்னும் உள்ளே, கேரளப் பக்கம் இறக்கத்தில் இருக்கிற ஒரு எஸ்டேட்டுக்குப் போனது. அங்கே தங்கல் வேலை. ஏற்றின ஆட்களைச் சனிக்கிழமை சாயங்காலம்தான் திருப்பி இறக்குவார்கள். இடையில் வண்டி கிடையாது, டவரும் கிடையாது. நாற்பது ஜீப்பு, அந்த அரை இருட்டு, என் வயது; எண்ணிக்கையில் பிசகிவிட்டது என்று எல்லாரிடமும் சொன்னேன். நம்பினார்கள். அப்படிச் சொன்னது மேலே படம் எடுத்து முடிந்ததற்கு அப்புறம்.

மேலே பத்து மணி வரை அக்கா வரவில்லை. முத்துப்பிரியா என்னிடம் ஓடி வந்தாள்.

"போலீசுக்குச் சொல்லிருவோமா பெரியம்மா?"

"என்னன்னு சொல்லுவ? சண்டை போட்டுக்கிட்டுப் போயிட்டாங்கன்னா?"

"போனும் அணைஞ்சு கெடக்கு."

"காலையில எங்கிட்ட கேட்டு வாங்கிக்கிட்டாங்க. கோவத்துல இருக்குறவங்க அணைச்சுத்தான் வைப்பாங்க."

போன் என் மடியில்தான் இருந்தது, அணைத்து. முத்துப்பிரியா மறுபடியும் அந்தப் பாறைக்குப் போனாள். அப்பன் தேவாரத்தில் ஒரு துண்டு நிலத்தை ஒத்திக்கு வைத்துப் படிக்க அனுப்பியதாகச் சொல்லி, இனி எந்த முகத்தோடு ஊருக்குப் போவேன் என்றாள். எனக்குத் தாங்கவில்லை. "வேணும்னா நான் நிக்கட்டுமா?" என்றேன். மனோஜ்தான் முதலில் தலையை ஆட்டினான்.

வேஷம் கட்ட வேண்டியிருக்கவில்லை. கூடையை இடுப்பில் கட்டினேன். மகளாக நடித்த பெண் வந்து எதிரே நின்றாள். அவளை ஒரு தரம் பார்த்தேன். "கூடைய எடு. மேக்காட்டுல நாலு வரிசை கெடக்கு" என்றேன். குனிந்து செடியின் தூரில் கிடந்த காய்ச்சரத்தைப் பிடித்துக் காய் எடுத்தேன். கட் சொல்ல வேண்டிய பிள்ளை வாயில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். ஒரே தரம்தான் எடுத்தார்கள் ஐயா. நீங்கள் பார்த்திருப்பீர்கள். நான் குனியும்போது பின்னால் மஞ்சு வருகிறதே, அதை யாரும் ஏற்பாடு செய்யவில்லை. என் நோட்டில்கூட இல்லை.

சனிக்கிழமைக்குள் மொத்தமும் முடிந்தது. அன்று சாயங்காலம் அக்கா போடியில் இறங்கினார். இரண்டு கையும் காய்க்கறை ஏறிக் கறுத்திருந்தன. என்னைப் பார்த்தும் நிற்காமல் மதுரை பஸ் ஏறினார். நாலு நாள் கழித்துத்தான் உங்களுக்கு எழுதினார், முத்துப்பிரியாதான் என்னை ஏவித் திட்டம் போட்டுத் தன்னை நாடு கடத்தினாள் என்று.

அதற்கு ஆதாரமாக அந்த எஸ்டேட்டிலிருந்து அவர் வாங்கி வந்து கொடுத்த சீட்டைத்தான் மேசைமேல் வைத்திருக்கிறீர்கள். பின்புறம் முத்துப்பிரியாவின் வசனத் தாள். அதனால் அவளைச் சந்தேகப்படுகிறீர்கள். முன்புறம் இருக்கிற எழுத்து என்னுடையது. ஜீப்பு டிரைவரிடம் கொடுத்து, அங்கே வேலை வாங்குகிற சின்ராசுவிடம் சேர்க்கச் சொன்னேன். படித்துக் காட்டுகிறேன்.

'தம்பி சின்ராசுக்கு. முன் சீட்டுல வர்றது புது ஆள். கொஞ்சம் புத்திக் கோளாறு. தான் நடிகைன்னு சொல்லும். கோவப்படாம வேலை குடு. சனிக்கிழமை வரைக்கும் விட வேண்டாம். ரத்தக் கொதிப்பு மாத்திரை மூணு மடிச்சு வச்சிருக்கேன். ஒரு நாளைக்கு ஒண்ணு. பெரியவங்க, கம்பளி குடு. அன்னக்கொடி அக்கா.'

என் பெயர் எழுதிய கடைசி வரியைக் கீழே மடித்து விட்டிருந்தார்கள். நீங்கள் பிரித்துப் பார்க்கவில்லை.

மாத்திரை மூன்று அனுப்பினேனே, அதைக் கவனிக்க வேண்டும். மனசில் கெட்ட எண்ணம் இருக்கிறவள் மாத்திரை அனுப்புவாளா? கம்பளி கொடுக்கச் சொல்வாளா?

சின்ராசு அப்புறம் என்னிடம் வருத்தப்பட்டுச் சொன்னான்.

"அக்கா, அந்தம்மா வந்த அன்னைக்கு ஒரே ரகளை. நான் நடிகை, நான் நடிகைன்னு. அப்பிடின்னா நடிச்சுக் காட்டுங்கன்னேன்."

"காட்டுனாங்களா?"

"காட்டுனாங்க. கீழ உருண்டு பெரண்டு அழுதாங்க. பொம்பளைக எல்லாம் கூடி நின்னு பாத்து, ஐயோ பாவம், அன்னக்கொடி அக்கா எழுதுனது சரிதான்னு சொல்லி, கையப் பிடிச்சுக் கொண்டுபோயி செடியடியில உக்கார வச்சாங்க. அப்புறம் ஒரு பேச்சும் இல்ல. மூணாம் நாளு கை ஓடிருச்சுக்கா. நல்ல எடுப்பு."

அறுபத்திரண்டு வயதுப் பெண்ணை, நடிகை என்று ஒத்துக்கொள்ள ஒருத்தரும் இல்லாத இடத்தில், மூன்று நாள் விட்டு வைத்தேன். ஆமாம். பிசகு இல்லை. ஆறு தரம் அழுததை மறுபடி மறுபடி கேட்டுக்கொண்டே புதன்கிழமை ராத்திரி யோசித்து, வியாழக்கிழமை விடியலில் செய்தேன். போனைப் பையில் வாங்கியதும், வேஷத்தோடு ஏறச் சொன்னதும் அதற்கு இரண்டு வாரம் முந்தியே எழுதியாகிவிட்டது. அப்போது எதற்கென்று எனக்கே தெரியாது. தெரியாது என்றுதான் நினைக்கிறேன்.

எல்லாம் அந்தப் பிள்ளைக்காக. அவள் பட்டம் வாங்க வேண்டும், அவள் அப்பன் நிலத்தை மீட்க வேண்டும். அதற்கு மேல் எனக்கு ஒன்றும் வேண்டியதில்லை. போலீசில் கொடுப்பதானால் கொடுங்கள், கேசு என்மேல் வரட்டும். முத்துப்பிரியாவின் பெயரில் ஒரு கீறல் விழக்கூடாது. எங்கே கையெழுத்துப் போட வேண்டும், காட்டுங்கள்.

இதை நான் சொல்லி முடித்ததும் நீங்கள் பெருந்தன்மையாகத்தான் பேசினீர்கள், அதை நான் மறுக்கவில்லை. பிள்ளைமேல் குற்றமில்லை என்று எழுதிவிட்டேன் என்றீர்கள். காளீஸ்வரி அக்காவும் புகாரைத் திருப்பிக்கொள்ளச் சம்மதித்துவிட்டாராம், ஒரே ஒரு நிபந்தனையோடு. நான் வருகிற காட்சிகளை வெட்டிவிட்டு, அவரை வைத்து மறுபடி எடுக்க வேண்டுமாம். இந்த எடுப்பு முடிந்ததும் முதலாளி இரண்டு நாள் தருகிறாராம். அக்கா இப்போது அழவேண்டும் என்று கேட்கவில்லையாம். கூடையை அவரே இடுப்பில் கட்டிக்கொள்கிறாராம், குனிந்து காய் எடுக்கத் தெரியும் என்கிறாராம். அப்படிச் செய்தால் முத்துப்பிரியாவுக்கு இந்த வருடமே பட்டம். இல்லையென்றால் அவள் அடுத்த வருடம் வேறு படம் எடுக்க வேண்டும். நான் சம்மதிப்பதாக எழுதிக் கொடுத்தால் போதும் என்று பேனாவை என் பக்கம் நகர்த்தினீர்கள்.

பேனா மூடியைத் திறந்தேன். மூடினேன்.

"அந்தப் புள்ளைக்கு இன்னும் வயசு கெடக்கேய்யா, ஒரு வருசம் கூடப் படிக்கட்டுமே, நான் வர்ற இடத்த மட்டும் வெட்டிறாதீங்க."