ஞாயிற்றுக்கிழமை விளக்கு

காபி ஆறிப்போகிறது, முதலில் அதைக் குடியுங்கள். தாலினிலிருந்து இந்தக் குளிரில் இவ்வளவு தூரம் வந்திருக்கிறீர்கள். கறுப்பு ரொட்டியும் புகைபோட்ட மீனும் இருக்கிறது, கூச்சப்படாமல் எடுத்துக்கொள்ளுங்கள். போலீஸ்காரருக்கும் வயிறு உண்டு.

காரை யாராவது ஏதாவது செய்தார்களா என்று கேட்டீர்கள். செய்தேன், நான்தான். நான்கு வருஷமாகச் செய்துகொண்டிருந்தேன். ஆனால் முதலிலிருந்து சொன்னால்தான் அதில் குற்றம் ஒன்றும் இல்லை என்பது உங்களுக்குப் புரியும்.

ஹெய்னோ என் தம்பி. மனைவி போய்ச் சேர்ந்த பிறகு இந்தத் தீவு வீட்டில் என்னோடுதான் இருந்தான். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை, எனக்கும் அவனை விட்டால் யாரும் கிடையாது. அறுபது வயதிலும் காலுறை எங்கே என்று என்னைத்தான் கேட்பான். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. திடீரென்று, ஞாயிறுதோறும் எதிர்க்கரை ஊரில் பாட்டுக்குழு என்று கிளம்பினான். எங்கள் வீட்டுக் கதவுக் கீல் அவனைவிட நன்றாகப் பாடும். அப்படிப்பட்டவன் முகச்சவரம் செய்து, வாசனைத் தண்ணீரும் தெளித்துக்கொண்டு போனான். லெய்லி என்றொரு விதவை அந்தக் குழுவில் இருந்தாள் என்பது மூன்றாவது வாரம்தான் தெரிந்தது.

நல்ல பெண்தான். ஒருமுறை இங்கே வந்தாள். என் சூப்பை ஒரு வாய் வைத்துவிட்டு, கேட்காமலே உப்பை எடுத்துப் போட்டுக்கொண்டாள். அதையெல்லாம் நான் மனத்தில் வைத்துக்கொள்ளவில்லை.

என் கவலை கடல். அவனுடைய நீலக் காருக்கு இருபத்திரண்டு வயது. அதில் அவன் அக்கரைக்குப் போய்வருவது எனக்குப் பயமாக இருந்தது. கூட்டுப்பண்ணை டிராக்டர் கொட்டகையில் இருபது வருஷம் உதிரிபாகம் எடுத்துக்கொடுத்தவள் நான். ஆனால் எனக்கு எஞ்சின் தெரியும் என்று இந்தத் தீவில் ஓர் ஆண்பிள்ளைக்கும் தோன்றியதில்லை. சனிக்கிழமை மாலை ஹெய்னோ சௌனாவின் நீராவியில் வெந்துகொண்டிருப்பான். நான் வீட்டுக் கார் கொட்டகைக்குப் போய், எஞ்சினுக்குள் போகும் காற்றை அளக்கும் சென்சாரின் செருகைக் கழற்றிவிட்டு, எஞ்சினை இரண்டு நிமிஷம் ஓடவிடுவேன். ஸ்டியரிங்குக்கு முன்னால் எஞ்சின் கோளாறு என்று காட்டும் மஞ்சள் விளக்கு வந்துவிடும். அணைத்துவிட்டுச் செருகைப் பழையபடி மாட்டிவிட்டால் போதும். பழுது இருக்காது, விளக்கு மட்டும் இருக்கும்.

மஞ்சள் விளக்கோடு ஹெய்னோ கார் ஏற்றும் படகுத்துறைக்குப் போகமாட்டான். படகில் ஏறும் வழியில் கார் நின்றுவிட்டால் பின்னால் இருப்பவர்கள் காத்திருக்க வேண்டும். தீவுக்காரன் செத்தாலும் சாவான், நாலு பேரைக் காக்கவைக்க மாட்டான். ஆகவே முற்றத்திலேயே பானட்டைத் திறப்பான். திறந்த பானட்டைக் கண்டால் ஆண்கள் ஈ மாதிரி மொய்ப்பார்கள். மெக்கானிக் கல்யோ வருவான், தபால்காரர் வருவார். நான் காபியும் இனிப்பு ரொட்டியும் கொண்டுபோய்க் கொடுப்பேன்.

"அக்கா, உங்க காருக்கு பக்தி ஜாஸ்தி. வாரம் பூரா சும்மா இருக்கு, ஞாயித்துக்கிழமை வந்தா விளக்கேத்திடுது," என்பான் கல்யோ.

"உனக்கு ரிப்பேர் பாக்கத் தெரியலைன்னு சொல்லிட்டுப் போயேன். பக்தியை ஏன் இழுக்கறே?"

"அவகிட்ட வாய் குடுக்காதடா," என்பான் ஹெய்னோ. "எலி கிலி வயரைக் கடிச்சிருக்கான்னு பாரு."

எலியைத் தேடினார்கள். சென்சாரை மூன்று தடவை மாற்றினார்கள். மதியம் எல்லோரும் பட்டாணி சூப் சாப்பிட்டுவிட்டுப் போவார்கள். இதில் யாருக்கு என்ன நஷ்டம், சொல்லுங்கள். எல்லா வாரமும் செய்யவில்லை, மூன்றுக்கு இரண்டுதான். லெய்லிக்கும் கொஞ்சம் விட்டுக்கொடுத்தேன்.

போன ஜனவரியில் கல்யோவுக்கு அலுத்துவிட்டது. பையிலிருந்து கறுப்பு ஒட்டுப்பட்டையைக் கிழித்து விளக்கின்மேல் ஒட்டினான்.

"விளக்கு எரியறதுதானே உன் கவலை? இனிமே எரியாது. போய்ப் பாடிட்டு வா."

ஹெய்னோ விழுந்து விழுந்து சிரித்தான். அடுத்த படகிலேயே போய்விட்டான். இரண்டு பேருக்கு வைத்த சூப்பை நான் இரண்டு நாள் சாப்பிட்டேன். அதோடு நான் அந்தச் செருகைத் தொடுவதை விட்டுவிட்டேன், சத்தியமாக.

பிப்ரவரியில் கடல் உறைந்து, அதன்மேலேயே கார் போகப் பனிச்சாலை திறந்தார்கள். மார்ச் தொடக்கத்தில் ஒருநாள் ஹெய்னோ தட்டைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

"அக்கா, நான் அங்கேயே இருந்துடலாம்னு பாக்கறேன்."

"இருந்துக்கோயேன். இங்க யாரு உன்னைக் கட்டி வச்சிருக்கா?"

"நீ தனியா இருப்பியேன்னு..."

"உன் குறட்டை இல்லாம நிம்மதியாத் தூங்குவேன், போடா."

அவனுக்கு ஏழு சட்டை இஸ்திரி போட்டுப் பெட்டியில் அடுக்கிக்கொடுத்தேன். பொறாமைக்காரி அப்படிச் செய்வாளா?

மீதி உங்களுக்குத் தெரியும். பனிச்சாலையில் வண்டியை நிறுத்தக் கூடாது, முதல் பலகையிலேயே எழுதியிருக்கிறது. பாதி வழியில் கார் இருமிவிட்டு நின்றிருக்கிறது. வேறொருவன் விட்டுவிட்டு நடந்திருப்பான். வழியை மறிக்கிறோமே என்று ஹெய்னோ இறங்கிப் பானட்டைத் திறந்தான். அவன் பானட் திறந்திருந்தால் நிற்காமல் போகிறவன் இந்தத் தீவில் கிடையாது, நான்கு வருஷப் பழக்கம். கல்யோ நின்றான். தபால்காரர் நின்றார். மூன்று வண்டி பாரத்தை மார்ச் மாதப் பனி எவ்வளவு நேரம் தாங்கும்? பனி உடைந்தபோது அவர்கள் இருவரும் தவழ்ந்து தப்பினார்கள். ஹெய்னோ பெட்டியை எடுக்கத் திரும்பினானாம். சட்டை கசங்கினால் நான் திட்டுவேன் என்று அவனுக்குத் தெரியும்.

முக்குளிப்பவர்கள் காரை மேலே கொண்டுவந்தபோது செருகு மாட்டியபடியே இருந்தது என்று நீங்களே சொன்னீர்கள். நான்தான் சொன்னேனே.

அவன் கிளம்புவதற்கு முந்தின நாள் மாலை கார் கொட்டகைக்குப் போனேன், அதையும் மறைக்கவில்லை. இத்தனை வருஷம் பழகிய கார், விடைகொடுக்க வேண்டாமா? எஞ்சினைப் போட்டேன், உதறியது. பட்டையை நகத்தால் நீக்கிப் பார்த்தேன். விளக்கு சிமிட்டிக்கொண்டிருந்தது. என் விளக்கு ஒருநாளும் சிமிட்டியதில்லை, அசையாமல் எரியும். சிமிட்டினால் எஞ்சின் எந்த நேரமும் கைவிட்டுவிடும் என்று டிராக்டர் கொட்டகையில் எல்லோருக்கும் தெரியும். இது பொய் விளக்கில்லை என்று தீவிலேயே தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

சௌனா இருபது அடி தூரம். உள்ளே அவன் பாடிக்கொண்டிருந்தான், அதே கதவுக் கீல் குரல். சொல்லியிருக்கலாம். "இது மட்டும் நிஜம்னு உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்பான். அதற்கு என்ன பதில் சொல்வது? வழியில் நின்றால் நடந்து வீட்டுக்குத்தானே வரப்போகிறான் என்று நினைத்தேன். பட்டாணியை ஊறப்போட்டேன், இரண்டு பேருக்கு.

பட்டையின் ஓரம் தூக்கிக்கொண்டு பார்க்க அசிங்கமாக இருந்தது. கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்து நன்றாக ஒட்டிவைத்தேன். அன்று அந்தக் காரில் வேறு எதையும் நான் தொடவில்லை. அதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.